கருணாகரன் கிளம்பாத ஞாயிற்றுக்கிழமை

வாழைப்பூவின் ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு கள்ளன் இருக்கிறான். தலை தடித்து, உடம்பு விறைத்து, எத்தனை நேரம் அடுப்பில் கிடந்தாலும் வேகாமல் நிற்கிற அந்த நரம்புக்குக் கள்ளன் என்று பெயர் வைத்தவன் ஏதோ ஒரு விஷயத்தில் என்னைப் போல இருந்திருக்க வேண்டும். விரலால் பூவை மலர்த்திக் கள்ளனைக் கிள்ளி எறிந்துவிட்டு, பூவை மோர்த் தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். வீட்டில் வாழைப்பூ வாங்கினால் இந்த வேலை என்னுடையது. சுகந்திக்கு இதற்குப் பொறுமை கிடையாது, தாரணிக்குக் கையெல்லாம் கறையாகிவிடும் என்று பயம். அதனால் நான் சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருக்கிறேன், அவர்கள் இருவரும் கூடத்தில். நடுவில் கதவு இல்லை, ஒரு திரைதான். தாரணி நாளைக்குக் கல்லூரியில் இயற்பியல் மன்றத்தில் பேச வேண்டும், அதை அம்மாவிடம் ஒப்பித்துப் பார்க்கிறாள். "காலத்துல பின்னாடி போக முடியுமா முடியாதாங்கறது இல்லம்மா தலைப்பு. போக முடியும்னே வச்சுக்கோ. போனா என்னென்ன சிக்கல் வரும், அதான்." சுகந்தி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே ம் கொட்டுகிறாள், துணியை உதறுகிற சத்தம் கேட்கிறது. வச்சுக்கோ என்கிறாள் பெண். நான் வகுப்பில் தினமும் சொல்வது இதைத்தான். எடுத்துக்கொள்வோம். இது உண்மையில்லை என்று எடுத்துக்கொள்வோம், அதன் கையைப் பிடித்துக்கொண்டே போவோம், எங்கே போய் முட்டிக்கொள்கிறது என்று பார்ப்போம். முட்டிக்கொண்டதும் கரும்பலகையில் முரண் என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு சாக்பீஸைக் கீழே வைப்பேன். அந்தப் பழக்கம் இவளுக்கு என்னிடமிருந்து வந்ததா, அல்லது பாலிடெக்னிக்கில் வேதியியல் எடுத்த, இவளைப் பெற்ற கருணாகரனும் இப்படித்தான் பேசுவாரா? இதோ, நினைப்பில் வந்துவிட்டார். ஒரு பூ உரிப்பதற்குள் வந்துவிட்டார்.

"ஒருத்தன் பின்னாடி போறான். அவனோட தாத்தா சின்னப் பையனா இருக்கறப்பவே அவரைக் கொன்னுடறான்னு வச்சுக்கோ. அப்ப அவங்கப்பா பிறக்கல. இவனும் பிறக்கல. அப்ப தாத்தாவைக் கொன்னது யாரு?" "ஐயே, காலங்காத்தால யாரையாவது கொல்லணுமா?" என்கிறாள் சுகந்தி. "சரி, கொல்ல வேணாம். தாத்தாவும் பாட்டியும் சந்திக்காம பண்ணிடறான். தாத்தா ஏற வேண்டிய பஸ்ஸைத் தவற விட வைக்கிறான், அவ்வளவுதான்." பஸ் என்றதும் என் விரல் நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியாமல் சொல்கிறாள். அல்லது தெரிந்தேதானா, அம்மாவும் பெண்ணும் தனியாக இருக்கும்போது எதையெல்லாம் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? சுகந்தி கருணாகரனைச் சந்தித்தது பஸ்ஸில்தான். சத்திரத்திலிருந்து திருவானைக்கோவில் போகிற டவுன் பஸ். இவள் நின்றுகொண்டிருந்தாள், அவர் உட்கார்ந்திருந்தார், இவளுடைய சாப்பாட்டுப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மறுநாளும் வாங்கி வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் ஒரு முறை இவள் இதைச் சொன்னாள், நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டேனோ, அதற்குப் பிறகு அவரைப் பற்றி என்னிடம் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சொல்லாததையெல்லாம் நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். அந்தப் பையில் என்ன சாதம், ஜன்னலோரமா, பை சூடாக இருந்ததா, மடியில் அந்தச் சூடு பட்டதா, இறங்கும்போது பையைத் திருப்பிக் கொடுத்த கை இவள் கைமேல் பட்டதா. அந்த வருஷம் நானும் அதே பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தேன். திருவானைக்கோவில் பக்கம் ஒரு வீட்டில் ட்யூஷன். படிக்கட்டுப் பக்கம் நிற்பேன். கூட்டத்தில் இரண்டு ஆள் தள்ளி ஒரு பெண் தன் பையை யாரிடமோ கொடுத்திருப்பாள், நான் வெளியே காவிரியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்திருக்கலாம். அதைத்தான் நான் பத்து வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். பல் தேய்க்கும்போது, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கும்போது, ஸ்கூட்டர் சிக்னலில் நிற்கும்போது நான் அந்த பஸ்ஸில் ஏறி, அவர் உட்காருவதற்கு ஒரு நொடி முன்னால் அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறேன். பையைக் கொடுங்க, நான் வச்சுக்கறேன். அவ்வளவுதான். யாரையும் கொல்லவில்லை. அவரும் நன்றாக இருக்கட்டும், வேறு யாருடைய பையையாவது வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் தாரணி குறுக்கே வந்துவிடுகிறாள். அவர் உட்காராவிட்டால் இவள் இல்லை. இதோ கூடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற இந்தப் பெண் இல்லை. மூன்று வயதில் அப்பாவை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, எட்டு வயதில் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, கேட்காமலேயே ஒரு நாள் அப்பா என்று கூப்பிட்டவள். என்னை அப்பா என்கிறாள். அவரை எங்கப்பா என்கிறாள். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் நான் எத்தனை ராத்திரி விழித்துக்கொண்டிருந்தேன் என்று யாருக்குத் தெரியும்? என்னை நீங்க என்கிறாள். அவர் இருந்திருந்தால் அவரை நீ என்று கூப்பிட்டிருப்பாளோ? அவளுடைய தோழிகள் தங்கள் அப்பாக்களை வாப்பா போப்பா என்று பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருவது அந்த அப்பாக்கள்மேல் பொறாமை இல்லை, உயிரோடு இல்லாத ஒருவர் கேட்டே இருக்காத ஒரு நீ மேல் பொறாமை.

தாரணியை விடு. சுகந்தியை எடுத்துக்கொள்வோம். நான் முதலில் அந்தச் சீட்டில் உட்கார்ந்து, அவளையே கல்யாணம் செய்துகொண்டேன் என்று எடுத்துக்கொள்வோம். அந்த சுகந்தி இந்த சுகந்தியா? எங்கள் பள்ளி அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது நான் முதலில் பார்த்தது அவள் முகத்தைக்கூட இல்லை. பியூன் பஞ்சாட்சரம் பாங்குக்குக் கிளம்பினான், அவள் எழுந்து வாசல்வரை வந்து, அவன் சைக்கிள் திருப்பத்தில் மறைகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் இருக்கைக்குத் திரும்பினாள். பாங்குக்குப் போகிற பியூனுக்கு. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு மனசு அவள் பக்கம் சாய்ந்தது. கல்யாணத்துக்கப்புறம் நான் கிளம்பும்போது பால்கனியில் நின்றாள், இன்றுவரை நிற்கிறாள், மழையானாலும் நிற்கிறாள். முதல் இரண்டு வருஷம் அது எனக்காக என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் காஸ் சிலிண்டர் போட வந்தவனுக்கும் நின்றாள். அன்றைக்குத்தான் புரிந்தது, இது யாருக்காகவும் இல்லை, ஒருவர் ஒரு நாள் போனார், திரும்பி வரவில்லை, அதிலிருந்து போகிற எல்லாரையும் கடைசிவரை பார்த்துவிடுகிறாள். நான் ஆசைப்பட்டது கருணாகரன் செய்த பெண்ணை. அவர் செத்துச் செய்த பெண்ணை. அவரை அழித்தால் அவள் பால்கனிக்கு வரமாட்டாள், உள்ளே டிவி பார்த்துக்கொண்டே கதவைச் சாத்திட்டுப் போங்க என்பாள், நான் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன். பிறகு எதற்காக பஸ்ஸில் ஏறினேன்? முரண். கோடு. சாக்பீஸ். ஆனால் வகுப்பில் முரண் வந்தால் கணக்கு முடிந்துவிடும், பையன்கள் நோட்டை மூடுவார்கள். இங்கே மறுபடியும் பஸ் வந்து நிற்கிறது.

"ரெண்டாவது இன்னும் நல்லாருக்கும், கேளு," என்கிறாள் தாரணி. "உன் எலுமிச்சை ரசத்தை நீ எனக்குச் சொல்லிக் குடுக்கற. நான் பின்னாடி போயி, சின்னப் பொண்ணா இருக்கற உனக்கு அதைச் சொல்லிக் குடுத்துட்டு வந்துடறேன். நீ பெரியவளாகி எனக்குச் சொல்லிக் குடுக்கற. அப்ப அந்த ரசத்தைக் கண்டுபிடிச்சது யாரு?" "யாருமே இல்லையா?" "யாருமே இல்ல. நீயும் இல்ல, நானும் இல்ல. சும்மா சுத்திக்கிட்டே இருக்கு." சுகந்தி சிரிக்கிறாள். அவள் சிரிப்பதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவாள், அந்த நிறுத்தமும் திரை தாண்டி எனக்குக் கேட்கிறது. ரசம் சரி, மந்திரி? எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்கு மந்திரி என்று பெயர். மந்திரி எங்கே, மந்திரி சோபா அடியில் போயிட்டார், மந்திரிக்கு பேட்டரி தீர்ந்துபோச்சு. இவர்கள் இரண்டு பேரும் சொல்லி எனக்கும் ஒட்டிக்கொண்டது, பள்ளி ஸ்டாஃப் ரூமில்கூட ஒரு தடவை சொல்லி எல்லாரும் சிரித்தார்கள், நானே கண்டுபிடித்ததுபோல நின்றுகொண்டிருந்தேன். போன தை மாதம் கருணாகரனின் அக்கா வீட்டு கிரகப்பிரவேசம். அவர்கள் நல்லவர்கள், என்னையும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம், கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, அண்ணி, அந்த மந்திரியைக் கொஞ்சம் கொடுங்களேன் என்றேன். அந்த அம்மாள் கையில் வெற்றிலைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "அது எங்க தம்பி வார்த்தை மாப்பிள்ளை," என்றார். அவ்வளவுதான் சொன்னார், கண் நிறைந்துவிட்டது, உள்ளே போய்விட்டார். சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. நான் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து என்னை நானே சோதனை போட்டேன், வேறென்ன என்னென்ன இருக்கிறது என்று. காப்பியை ஆற்றாமல் மூடி வைத்துக் குடிப்பது. செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரிப்பது. தாரணி தும்மினால் தலையில் தட்டி நூறு என்பது. எதெல்லாம் என்னுடையது, எதெல்லாம் இந்த வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்து என்மேல் உதிர்ந்தது? ஒருவேளை நான் அவளைத் தொடுகிற விதமும். இந்த இடத்தில் யோசனையை எப்போதும் நிறுத்திவிடுவேன், நிறுத்தினாலும் அது நிற்காது, கால்மாட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உயிரோடு இருக்கிறவனோடு சண்டை போடலாம். அவனுக்குத் தொப்பை விழும், முடி கொட்டும், சீட்டாடிப் பணத்தைத் தொலைப்பான், ஒரு நாள் இவளை அறைந்துகூட விடுவான், நான் காத்திருக்கலாம். சுவரில் மாட்டிய படத்தில் இருக்கிறவருக்கு வயது முப்பத்திரண்டு. எனக்கு ஐம்பதாகிறது. என்னைவிடச் சின்னப் பையன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து வாழைப்பூ உரித்துக்கொண்டிருக்கிறேன்.

"மூணாவதுதான் கடைசி. இதுதான் எனக்குப் பிடிச்சது." குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "நடந்தது நடந்ததுதான்மா. மாறாது. ஒருத்தன் பின்னாடி போயி ஒண்ணைத் தடுக்கப் பாத்தான்னா, அவன் ஏற்கெனவே அங்க போயித் தடுக்கப் பாத்துத் தோத்திருக்கான்னு அர்த்தம். அவனால முடியும், கை இருக்கு, கால் இருக்கு, வாய் இருக்கு. ஆனா நடக்காது. கால் வழுக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஏதோ ஒரு சின்ன விஷயம்." "அப்புறம் எதுக்குடி அவ்வளவு தூரம் போகணும்?" "அதான் கேள்வியே." துணி உதறுகிற சத்தம் இல்லை. ஃபேன் சத்தம். கீழ்வீட்டில் யாரோ மிக்ஸி போட்டு நிறுத்துகிறார்கள். "அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவப்படக் கூடாது." "கேளு." "நீ அப்படிப் பின்னாடி போக முடிஞ்சா, எங்கப்பாவைக் கொள்ளிடத்துக்குப் போக வேணாம்னு சொல்லுவியா?" என் கை மோர்த் தண்ணீருக்குள் இருக்கிறது. எடுத்தால் சொட்டும், சொட்டினால் அவர்களுக்கு நான் இருப்பது நினைவு வரும். எடுக்காவிட்டால் இங்கே சத்தம் நின்றுபோனதே தெரிந்துவிடும். ஒரு பூவை எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன், வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்கிறவன் மாதிரி. ஏன் பதில் சொல்லாமல் இருக்கிறாள்? ஆமாம் என்று சொல்லப் போகிறாள். யார்தான் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள்? புருஷன் ஆற்றில் போவதைத் தடுக்க முடிந்தால் தடுக்காமல் இருப்பாளா? ஆமாம் என்று அவள் சொன்ன அந்த நொடியில் நான் இந்தத் தரையில் இல்லை. பாலக்கரையில் கல்யாணத்துக்கு முன்னால் நான் இருந்த மாடி அறையில் இருக்கிறேன், மெஸ் சாப்பாடு, கொடியில் இரண்டு வேட்டி, ஞாயிற்றுக்கிழமையில் தூங்கி எழுந்து மறுபடி தூங்குகிறேன். ஒரு வார்த்தையில் பத்து வருஷத்தையும் சுருட்டி என் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். மாட்டேன் என்று சொல்லட்டும் என்றா ஆசைப்படுகிறேன்? ஒரு மனுஷன் தண்ணீரில் மூழ்கட்டும், எனக்கு தாமோதரன் வேண்டும் என்று என் பெயரைச் சொல்கிறவளோடு நான் எப்படிப் படுத்துத் தூங்குவேன்? அப்படிச் சொல்கிறவளாக இருந்தால் அவள் வேறு யாரோ. அவளுக்குத் திரைக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது தெரியும். அதனால்தான் யோசிக்கிறாள். எனக்குக் காயம் படாத மாதிரி ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். வேண்டாம், தேடாதே, அந்த மாதிரி வார்த்தையை மட்டும் என் முன்னால் எடுத்து வைத்துவிடாதே. ஆமாம் என்றே சொல்லிவிடு.

"சொன்னேனே," என்கிறாள் சுகந்தி. தாரணிக்குப் புரியவில்லை. "என்ன?" "போகாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனேடி. சொல்லாம இருப்பேனா?" நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, திரையை விலக்கிக்கொண்டு நிற்கிறேன், விரலிலிருந்து மோர்த் தண்ணீர் தரையில் சொட்டுகிறது. இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். தாரணியின் முகம் தப்பு செய்த மாதிரி சுருங்குகிறது. ஏதாவது சொல்ல வேண்டும், ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்கலாம், அப்படி எத்தனையோ தடவை வேறு எதையாவது கேட்டுத் தப்பித்திருக்கிறேன். "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். பத்து வருஷத்தில் அவரைப் பற்றி நான் கேட்கிற முதல் கேள்வி. சுகந்தி என்னை ஒரு கணம் பார்த்தாள், பிறகு மடியில் இருந்த என் சட்டையைப் பார்த்தாள், அதன் காலரை நீவிக்கொண்டே சொன்னாள். "ஆத்துல தண்ணி வந்திருக்கு, பாலிடெக்னிக்ல எல்லாரும் குளிக்கப் போறோம்னு நின்னாருங்க. மேட்டூர்ல திறந்துவிட்டிருக்கான், பேப்பர்ல போட்டிருக்கு, போகாதீங்கன்னேன். கரையோரமா நின்னு தலையை நனைச்சுட்டு சாப்பாட்டுக்கு வந்துருவேன்னாரு. வாசலுக்குப் போனாரு. செருப்புல காலை விட்டதும் வார் பிடுங்கிக்கிச்சு." "அப்புறம்?" என்றாள் தாரணி. "அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாரு. பாத்தியா, செருப்பும் உன் கட்சிதான்னு சிரிச்சாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. போக மாட்டாருன்னு நினைச்சு உள்ள போயி உலை வைக்கப் பாத்தேன். ஊக்கு இருக்காடின்னு கையை நீட்டினாரு." அவள் தன் கையைப் பார்த்தாள். "என் வளையல்ல ரெண்டு கிடந்துச்சு. கழட்டிக் குடுத்தேன்."

"ஏம்மா குடுத்த?" என்றாள் தாரணி. "கேட்டாரு." "இப்ப திரும்பிப் போனா குடுக்க மாட்டேல்ல?" சுகந்தி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், எனக்காக இல்லை, எங்கள் யாருக்காகவும் இல்லை. "இன்னொரு தடவை போகாதீங்கன்னு சொல்லுவேன். காலைப் பிடிச்சுக்கூட சொல்லுவேன். ஆனா அவரு கையை நீட்டினா நான் யோசிச்சதே இல்லடி. குடுத்துதான் பழக்கம்." என்னிடம் அவள் யோசித்துத்தான் கொடுப்பாள். சில்லறை கேட்டால்கூட எதுக்கு என்பாள். அந்த நேரத்திலும், இத்தனைக்கு நடுவிலும், அந்த முள் போய்க் குத்தாமல் இல்லை, நீட்டிய உடனே நிரம்புகிற ஒரு கை இந்த உலகத்தில் இருந்திருக்கிறது. பத்து வருஷமாக நான் பஸ்ஸிலேயே நின்றுகொண்டிருந்தேன், எனக்கு இந்த வாசப்படி தெரியாது. இப்போது தெரிகிறது. ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். மெலிந்த ஆள், தோளில் துண்டு, ஒரு கையில் செருப்பு, வாரைத் துளையில் நுழைத்துப் பார்க்கிறான், அது நிற்கவில்லை. நிற்க வேண்டாம். வெயில் ஏறட்டும், நண்பர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போகட்டும், உலை கொதிக்கட்டும், அந்தக் குழந்தை தூங்கி எழுந்து வந்து அவன் முதுகில் ஏறட்டும். சாப்பாட்டு நேரம்வரை வார் நிற்காமலே இருக்கட்டும். அவன் திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டுகிறான். அவள் வளையலை மேலே தள்ளி ஊக்கைத் தேடுகிறாள். அது அவன் கைக்குப் போனால் எனக்கு வீடு இருக்கிறது, ஒரு பெண் இருக்கிறாள், நான் கிளம்பும்போது பால்கனியில் ஒருத்தி நிற்கிறாள். போகாவிட்டால் எனக்கு ஒன்றுமே இல்லை. நன்றாகத் தெரிகிறது, வகுப்பில் எந்தக் கணக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை.

"குடுக்காதே," என்றேன்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தாரணி நிமிர்ந்து பார்த்தாள். சுகந்தியின் கை காலர்மேல் அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், ரொம்ப தூரத்திலிருந்து ஓடி வந்தும் நேரத்துக்கு வந்து சேராத ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு போனது. இத்தனை வருஷத்தில் அவருக்காக அவள் என் முன்னால் அழுது நான் பார்த்ததில்லை.

"குடுத்துட்டேங்க," என்றாள்.

நான் மடித்த துணிகளை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.